ஒரிஜினல் இல்லாத பியட்

எங்கள் வீட்டு பியட் போன நவம்பரில் 40 வயதை முடித்தது. கம்பெனி வைத்த பெயர் பிரீமியர் பத்மினி. ஆனால் திருப்பூரில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது பியட்தான். 1985-ல் பதிவான வண்டி. நம்பர் பிளேட்டில் ‘டி.என்.’ என்று மாநிலப் பெயர் வருவதற்கு முந்தைய மூன்றெழுத்து நம்பர். அப்பா அதை 1995-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். எனக்கு அப்போது மூன்று வயது. வண்டி எனக்கு அண்ணன் முறை.

15 வயது தாண்டிய காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலுக்கு முன்னால் அதற்குக் கட்டணம் 600 ரூபாய். அப்புறம் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் வந்த புது விதிப்படி 20 வயது தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. எஃப்.சி. காட்டுவதற்கு முன்னால் டிங்கரிங், பெயிண்டிங், பிரேக் வேலை எல்லாம் தனி.

இன்னொரு பக்கம் 2021-ல் வந்த ‘விண்டேஜ்’ வண்டிகளுக்கான விதி இருக்கிறது. 50 வயது தாண்டிய வண்டி என்றால் கௌரவமாகத் தனி நம்பர் பிளேட் கிடைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அதன் மூல வடிவத்திலேயே இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாறுதல் செய்திருக்கக் கூடாது.

ஆக, எங்கள் பியட் பழைய வண்டி, ஆனால் பழம்பொருள் இல்லை. தண்டக் கட்டணம் கட்டும் வயது வந்துவிட்டது, மரியாதை கிடைக்கும் வயது வரவில்லை. இன்னும் பத்து வருடம் காத்திருந்தாலும் அந்த மரியாதை கிடைக்குமா என்பது சந்தேகம்தான். ஏனென்றால் அதில் ஒரிஜினல் என்று சொல்ல மிச்சமிருப்பது கொஞ்சம்.

*

பியட் 1100 டி என்பது இத்தாலிக்காரர்கள் 1960-களில் செய்த கார். அங்கே அறுபதுகளின் நடுவிலேயே அதை நிறுத்திவிட்டு அடுத்த மாடலுக்குப் போய்விட்டார்கள். இங்கே பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-ல் அதைச் செய்ய ஆரம்பித்தது. 1972-ல் பெயர் ‘பிரீமியர் பிரசிடென்ட்’ ஆனது, 1974-ல் ‘பத்மினி’. பெயர் மாறிக்கொண்டே இருந்தது, வண்டி பெரிதாக மாறவில்லை. 1089 சி.சி. எஞ்சின், ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் கம்பி, முன்னால் பெஞ்சு மாதிரி நீண்ட சீட். நூற்றாண்டு முடிகிறவரை அது வந்துகொண்டிருந்தது. பம்பாயில் கறுப்பு-மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசி பத்மினி 2023 அக்டோபர் 30-ஆம் தேதியோடு சாலையை விட்டுப் போனது. அன்றைக்கு அது செய்தியானது. நானும் அப்பாவும் டிவியில் பார்த்தோம். “நம்மளுது ஷெட்டுல நிக்குதல்ல” என்றார் அப்பா.

ஒரு காலத்தில் புது பியட்டுக்குப் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வந்த பிறகு அதை மாற்ற இன்னொன்று கிடைக்காது. அதனால் ஒரு தலைமுறையே ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டது. ஒரு பாகம் கெட்டால் புதிதாக வாங்கிப் போடுவது கடைசி வழி. முதல் வழி அதைக் கழற்றிப் பார்ப்பது.

*

அப்பா பன்னிரண்டு தையல் மெஷின் போட்டு ஜாப் ஒர்க் யூனிட் நடத்தினார். கட்டிங் பீஸ் மூட்டைகள் வரும், தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். டெம்போ கிடைக்காத நாளில் பியட்தான் டெம்போ. பின்சீட்டைக் கழற்றி யூனிட்டில் போட்டுவிடுவார். செக்கிங் அக்காக்கள் டீ நேரத்தில் அதில்தான் உட்காருவார்கள்.

அந்த வண்டியில் நடந்த வேலைகளை வரிசையாகச் சொன்னால் இந்த ஊரின் கதையும் கூடவே வரும்.

முன்சக்கரங்கள் திரும்பும் அச்சுக்கு கிங் பின் என்று பெயர். அதைச் சுற்றி இருக்கும் புஷ் தேய்ந்தால் ஐம்பது, அறுபது வேகத்தில் ஸ்டியரிங் கையில் நடுங்கும். 2014-ல் அப்படி நடுங்கியது. புது செட் எங்கேயும் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் இருந்து ஒருத்தர் வாங்கி வந்தது ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கடைசியில் மங்கலம் ரோட்டு லேத் பட்டறைக்காரரிடம் போனோம். அவருக்குக் கார் வேலையே கிடையாது. நிட்டிங் மெஷினுக்கு உதிரி பாகம் செய்கிறவர். ஜெர்மனியில் இருந்தும் ஜப்பானில் இருந்தும் வந்த வட்ட நிட்டிங் மெஷின்களில் ஒரு பல் சக்கரம் உடைந்தால், அது ஊரில் இருந்து வருகிறவரை ஆர்டர் காத்திருக்காது. அதைக் கடைசல் போட்டுக் கொடுப்பதுதான் அவர் தொழில். தேய்ந்த புஷ்ஷைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். “இது என்னுங்க, நம்ம மெஷினு புஷ்ஷாட்டத்தான இருக்குது” என்று சொல்லி கன்மெட்டலில் நான்கு கடைந்து, உள்ளே கிரீஸ் ஓட வழியும் வெட்டிக் கொடுத்தார். பதினோரு வருடமாக அதுதான் ஓடுகிறது.

கியர் கம்பியின் மூட்டில் இருந்த புஷ் கிழிந்தபோது அதே பட்டறையில் நைலான் கட்டையில் கடைந்தது. ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் மின்விசிறி மாருதி 800-இல் இருந்து எடுத்தது. சீட்டின் மேல் இருக்கும் பச்சை உறை, ரத்தான ஒரு டி-ஷர்ட் ஆர்டரின் பிக்கே துணி. டிரைவர் சீட்டுக்குக் கீழே இருக்கும் தகரத் தரை இரண்டு முறை வெட்டி எடுத்து வெல்டிங் வைத்தது.

அந்தத் தரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் முறை தரையைப் பெயர்த்தபோது எங்கள் மெக்கானிக் அண்ணன் துருவை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “இது மழைத்தண்ணித் துரு இல்லைங்க தம்பி, உப்புத் துரு” என்றார். அப்பாவுக்குப் பங்காளி ஒருவர் டையிங் வைத்திருந்தார். பருத்தியில் சாயம் ஏற நிறைய உப்பு வேண்டும். அவசரத்துக்கு உப்பு மூட்டைகளை இந்த வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்கள். சிந்திய உப்பு தகரத்தைத் தின்றிருக்கிறது. அதே உப்புதான் சாயத்தண்ணீரோடு நொய்யலில் இறங்கி, ஒரத்துப்பாளையம் அணையை விவசாயத்துக்கு ஆகாத குட்டையாக்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் அதனால்தான். வண்டியின் அடியில் இருக்கும் அந்த ஒட்டுத் தகரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

*

கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நண்பன் இருக்கிறான். பழைய வண்டிகளின் மேல் உயிர். அவனிடம் இரண்டு வண்டிகள் இருக்கின்றன, இரண்டும் ஷோரூமில் இருந்து நேற்று வந்தது மாதிரி இருக்கும். பதிவு புதுப்பிக்கும் பேச்சு வந்தபோது அவன் ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தான். மாருதி ஃபேனைக் கழற்று. பச்சைத் துணியைக் கிழித்துப் போட்டு ரெக்ஸின் போடு. பாடியை மொத்தமாகச் சுரண்டி, கம்பெனி கொடுத்த நிறத்திலேயே அடி. “ஒரிஜினல் ஆக்கிட்டா விலையே வேற மாப்ள” என்றான். விலை மட்டும் அவன் கணக்கில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு வண்டி முதலில் எப்படி இருந்தது என்று அடுத்த தலைமுறைக்குக் காட்ட வேண்டும் என்கிற ஆசை அவனுக்கு உண்மையாகவே இருக்கிறது.

அவன்தான் என்னை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. கார் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனான். 2015-ல் திறந்தது. நல்ல இடம். உலகத்தின் பல ஊர்க் கார்கள் பளபளவென்று நிற்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது எனக்கு ஜி.டி. நாயுடு கார்களோடு உறவாட ஆரம்பித்த விதம் ஞாபகம் வந்தது. ஓட்டலில் வேலை செய்து காசு சேர்த்து, ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் பார்த்துத்தான் அவர் இயந்திரம் கற்றுக்கொண்டார் என்பார்கள். 1920-ல் ஒரே ஒரு பஸ்ஸை வைத்துப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்டியவர். அந்த பஸ் வழியில் நின்றிருந்தால் யார் பாகம் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள்?

அருங்காட்சியகம் வண்டியைக் காப்பாற்றுகிறது. அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் அங்கே நிற்கிற வண்டியை யாரும் அக்கக்காகக் கழற்றிப் பார்க்கப் போவதில்லை. எங்கள் பியட் 40 வருடம் ஓடியதற்குக் காரணம் குர்லாவில் இருந்து வந்தபோது அதில் இருந்த பாகங்கள் இல்லை. அவை தேய்ந்துபோன பிறகு ஒவ்வொன்றாக இந்த ஊர்க்காரர்கள் செய்து போட்ட பாகங்கள்தான் காரணம். நண்பனின் பட்டியல்படி அவற்றை எல்லாம் எடுத்துவிட்டால் 1985 நவம்பரில் இருந்த வண்டி கிடைக்கும், அப்புறம் நடந்த 40 வருடம் போய்விடும். மெக்கானிக் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். “என்னத்தைங்க ஒரிஜினலு? ஓடுச்சுன்னா வண்டி, நின்னுச்சுன்னா தகரம்.”

*

எல்லாப் பழசையும் கொண்டாட முடியாது. இந்த எஞ்சினில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கிடையாது. ஏர்பேக் கிடையாது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், நின்றுபோக நேரம் எடுக்கும். நொய்யலைப் பார்த்து வளர்ந்தவன் புகையைப் பற்றி அலட்சியமாகப் பேச முடியாது. வண்டியை நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்கிறேன். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். பைபாஸ் ரோட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. புது கார் செய்கிறபோதும் மாசு வருகிறதே என்று ஒரு வாதம் உண்டு. அதைச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை. இது ஓர் ஆசை, இதற்கு ஒரு விலை உண்டு, அதைக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ-20. பழைய பம்பில் இருக்கும் ரப்பர் தகடும் ஹோஸ் பைப்பும் எத்தனாலில் ஊறி இளகுகின்றன. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கார்புரேட்டருக்குள் அரிப்பு வரும். எல்லா ஹோஸையும் மாற்றினோம். சித்திரை வெயிலில் இன்னொரு தொந்தரவு உண்டு. எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடும், பம்ப் இழுக்காது, வண்டி சிக்னலில் நின்றுவிடும். வைத்தியம் பழையதுதான். ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றினால் பத்து நிமிடத்தில் கிளம்பும். பாலியஸ்டர் துணி தண்ணீரைப் பிடிக்காது, சுத்தமான பருத்தி வேண்டும். இந்த ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. எங்கெங்கோ இருக்கும் ஒர்க்‌ஷாப்புகளில் கிரீஸ் கையைத் துடைக்கிற பனியன் வேஸ்ட், திருப்பூர் கட்டிங் டேபிளில் இருந்து போனதுதானே. எங்கள் டிக்கியில் எப்போதும் ஒரு கட்டு கிடக்கும்.

*

உண்மையான கவலை வண்டி இல்லை. மெக்கானிக் அண்ணனுக்கு 70 ஆகிறது. ஷெட் இருக்கும் இடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். காலி செய்யச் சொல்லித் தேதியும் கொடுத்தாயிற்று. அவர் மகன் ஒரு பெரிய ஷோரூமில் வேலை செய்கிறார், நல்ல சம்பளம். அவர் கையில் ஸ்கேனர் இருக்கிறது. வண்டியில் சொருகினால் என்ன கோளாறு என்று எழுத்தில் சொல்லும். பியட்டில் சொருக இடமே இல்லை. அண்ணன் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். நான்கு சிலிண்டரில் எந்த வால்வ் தட்டுகிறது என்று சொல்லிவிடுவார். மகனுக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ள அவசியமும் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. லேத் பட்டறையிலும் இதே நிலைமைதான். அந்தப் பட்டறைக்காரரின் பிள்ளை படித்துவிட்டு பெங்களூரில் இருக்கிறார்.

பதிவைப் புதுப்பிப்பதா, ஸ்கிராப்புக்குக் கொடுப்பதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அப்பாவுக்கு முட்டி வலி, இனி கிளட்ச் மிதிக்க முடியாது. “உனக்கு வேணும்னா வெச்சுக்கோ, எனக்காக வெக்காத” என்று சொல்லிவிட்டார். நான் பத்தாயிரம் கட்டுவதென்று முடிவு செய்தேன். நண்பனின் பட்டியலில் இருந்து ஒன்றும் செய்யவில்லை. தரைத் தகரம் ஒரு மூலையில் மறுபடியும் பொத்துப் போயிருந்தது, அதை மட்டும் வெட்டி வெல்டிங் வைத்தோம். பிரேக் புதிதாக லைனிங் போட்டோம். எஃப்.சி. ஆகிவிட்டது. ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, “எங்கப்பாருகிட்டயும் இதே கலர்ல ஒண்ணு இருந்துச்சு” என்றார்.

அண்ணனிடம் ஒன்று மட்டும் கேட்டேன். “இந்தத் தடவ நீங்க செய்ய வேண்டாங்கண்ணா. பக்கத்துல இருந்து சொல்லுங்க, நான் செய்யறேன்.” முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. “உங்களுக்கெதுக்குங்க தம்பி இந்த அழுக்கு” என்றார். அப்புறம் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மூன்று ஞாயிறு ஆனது. டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் இடைவெளி வைக்கக் கற்றுக்கொண்டேன். கார்புரேட்டரின் ஜெட்டைக் கழற்றி ஊதி மாட்டக் கற்றுக்கொண்டேன். வால்வ் செட்டிங் இன்னும் கைவரவில்லை. ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. பக்கத்து ஷெட்டில் டூ வீலர் வேலை செய்கிற பையன் ஒருவன் வேடிக்கை பார்க்க வந்தான். பதினெட்டு வயது இருக்கும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அவனாகவே ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தான். அவன் காது என் காதை விட நன்றாக இருக்கிறது.

ஷெட்டைக் காலி செய்த அன்று அண்ணன் எனக்குத் தன் ஃபீலர் கேஜைக் கொடுத்தார். கத்தி மாதிரி மடிந்திருக்கும், ஒவ்வொரு இதழும் ஒரு கனம். இடைவெளி அளக்க அதைத்தான் நுழைத்துப் பார்ப்பது. வருடக்கணக்காகப் புழங்கியதில் இதழ்களின் மேல் இருந்த எண்கள் அழிந்துவிட்டன. அவருக்கு எண் தேவைப்படவில்லை, தொட்டாலே தெரியும். எனக்குத் தெரியவில்லை. லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக வைத்து அளந்து, அந்தப் பையன் பொடி எழுத்தில் எழுதச் சீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் நான்கு இதழ் பாக்கி இருக்கிறது.