ஜான் ஃபேஹி: தொகுப்பில் தெரியும் முழுமை

‘சிறந்தவை’ என்ற பெயரில் வரும் தொகுப்பு இசைத்தட்டுகளுக்குத் தேர்ந்த ரசிகர்களிடம் மரியாதை குறைவு. கம்பெனி பழைய சரக்கை இன்னொரு முறை விற்கிறது என்பார்கள். கலைஞன் வைத்த வரிசையைக் குலைத்துவிட்டது என்பார்கள். பல தொகுப்புகளுக்கு இந்தப் பழி பொருந்தவும் செய்யும். ஆனால் அமெரிக்க கிதார் கலைஞர் ஜான் ஃபேஹியின் (1939–2001) பதினெட்டு ஆண்டு வாசிப்பிலிருந்து தேர்ந்தெடுத்து, அவரே தொடங்கிய டகோமா நிறுவனம் 1977இல் வெளியிட்ட ‘த பெஸ்ட் ஆஃப் ஜான் ஃபேஹி’க்கு அது பொருந்தாது. ஃபேஹிக்குத் தொகுப்பதே படைக்கும் முறை. அதனால் தொகுப்பாகக் கேட்கும்போது அவருடைய கலை சிதைவதில்லை, துலங்குகிறது. மாட்டுங்கா சண்முகானந்தா அரங்கிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் அரங்கிலும் காது பழகிய மும்பைத் தமிழர்கள் இதை மற்றவர்களைவிட விரைவில் உணர்ந்துகொள்ள முடியும்.

முதலில் அந்த வாசிப்பு எப்படிப்பட்டது என்று பார்க்கலாம். மின்சாரம் இல்லாத, இரும்புத் தந்தி கிதார். பாட்டு கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. வலக்கைக் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளை மாறி மாறித் தட்டிக் காலப்பிரமாணத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மேல்தந்திகளில் மெட்டை வாசிக்கும். ‘சன்ஃப்ளவர் ரிவர் ப்ளூஸ்’ என்ற உருப்படிக்கு அவர் ஆறு தந்திகளையும் வழக்கமான சுருதியிலிருந்து மாற்றிக் கட்டுகிறார். நம் கணக்கில் சொன்னால் ஸ, ப, ஸ, ப, ஸ, அதற்கு மேல் அந்தர காந்தாரம். வீணையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. ஸட்ஜ பஞ்சமத்தில் சேர்த்த நான்கு தந்திகளை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மீட்ட, பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளைச் சுண்டுவிரல் மீட்டும் அந்த ஏற்பாட்டின் அடிப்படைதான் இங்கேயும் இருக்கிறது. சுருதியும் தாளமும் மெட்டும் ஒரே கையிலிருந்து பிறக்கின்றன. தம்பூராவின் ரீங்காரத்தில் ஊறிய காதுக்கு, விடாமல் ஒலிக்கும் அந்தக் கீழ் ஸட்ஜம் ஒரு குறையாகத் தோன்றாது. நிற்பதற்கான தளமாகவே கேட்கும்.

இந்த நடையை ஃபேஹி திரட்டிய விதம்தான் என் வாதத்துக்கு முக்கியம். இளம் வயதிலேயே அமெரிக்கத் தென்மாநிலங்களில் வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளை வாங்கியவர் அவர். மறக்கப்பட்டிருந்த ப்ளூஸ் கலைஞர்களான புக்கா வைட்டை 1963இலும், ஸ்கிப் ஜேம்ஸை 1964இலும் நண்பர்களோடு தேடிக் கண்டுபிடித்தார். ப்ளூஸ் கலைஞர் சார்லி பேட்டன் பற்றி லாஸ் ஏஞ்சலிஸில் முதுகலை ஆய்வேடு எழுதினார். இப்படிச் சேர்ந்த கறுப்பின மக்களின் ப்ளூஸையும், தேவாலயப் பாடலையும், ஐரோப்பிய நவீன இசையின் முரண் சுரங்களையும் ஒரே கிதாரில் அருகருகே வைத்தார். ‘கிறிஸ்துவில் கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை’ என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட தேவாலயப் பாடல் இந்தத் தொகுப்பில் இருக்கிறது. அதன் மெட்டில் அவர் கை வைக்கவில்லை. அடியில் ப்ளூஸின் கட்டைவிரல் நடையை ஓடவிட்டிருக்கிறார். பக்தி குலையாமல் பாட்டு நடக்கத் தொடங்கிவிடுகிறது. எங்கெங்கோ கிடந்தவற்றை எடுத்துச் சேர்த்து, அந்தச் சேர்க்கையிலேயே புதிய பொருளை உண்டாக்குவதுதான் அவர் கலை. தொகுப்பு இதையே இன்னும் பெரிய அளவில் செய்கிறது.

இதற்கு நம்மிடமே வலுவான சான்று உண்டு. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய கச்சேரி முறை என்ன? வர்ணத்தில் தொடங்கி, வெவ்வேறு நூற்றாண்டுகளில் வெவ்வேறு மொழிகளில் பிறந்த கீர்த்தனைகளைக் கடந்து, ராகம் தானம் பல்லவியைத் தொட்டு, துக்கடாக்களில் முடியும் ஒரு தொகுப்பு அது. தியாகராஜரும் பாபநாசம் சிவனும் ஒரே மாலையில் அடுத்தடுத்து வருவதை யாரும் ஒட்டுப்போட்ட வேலை என்று சொல்வதில்லை. கனமான உருப்படிக்குப் பின் எது வரவேண்டும், எந்த ராகத்துக்கு அருகில் எந்த ராகம் எடுபடும் என்பதில் வித்வானின் மேதைமை தெரிகிறது. தேர்வும் வரிசையும் கலையின் பகுதி என்று கச்சேரியில் ஒப்புக்கொண்டவர்கள், இசைத்தட்டில் மட்டும் அதை மறுப்பதற்கு நியாயம் இல்லை.

மறுப்புகள் உண்டு. மூல ஆல்பத்தின் கட்டுக்கோப்பு கலைகிறதே என்பது முதலாவது. ஆனால் ஃபேஹி 1959இல் வெளியிட்ட முதல் ஆல்பமான ‘பிளைண்ட் ஜோ டெத்’தை 1964இலும் 1967இலும் மாற்றி மறுபடி பதிவு செய்தார். தன் மூலத்தை அவரே இறுதியானதாகக் கருதவில்லை. இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: ‘சிறந்தவை’ என்று பொறுக்கும்போது பரிசோதனைகள் வெளியே நின்றுவிடுகின்றன. இது உண்மை. 1967இல் வந்த ‘ரெக்வியா’ ஆல்பத்தில் கிதாரோடு அவர் ஒட்டிச் சேர்த்த ஒலிநாடாத் துண்டுகளும், அதே ஆண்டின் ‘எ ராகா கால்ட் பேட்’டும் 1977 தொகுப்பில் இல்லை. அந்த இழப்பை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் தொகுப்பு ஒரு கலைஞனைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிடும் என்பது ஃபேஹி விஷயத்தில் நடக்கவில்லை. 1994இல் ரைனோ நிறுவனம் ‘ரிட்டர்ன் ஆஃப் த ரிப்ரஸ்ட்’ என்ற இரண்டு குறுந்தட்டுத் தொகுப்பைக் கொண்டுவந்தபோது அவர் ஆரிகன் மாநிலத்தில் வறுமையில் இருந்தார். அந்தத் தொகுப்பு புதிய தலைமுறை ரசிகர்களை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது. கிடைத்த கவனத்தை வைத்து அவர் பழைய மெட்டுகளையே வாசித்துக்கொண்டிருக்கவில்லை. 1997இல் ‘சிட்டி ஆஃப் ரெஃப்யூஜ்’, ‘வூம்லைஃப்’ ஆல்பங்களில் இரைச்சலையும் எதிரொலியையும் கொண்டு முன்னெப்போதையும்விடத் துணிச்சலாகச் சோதித்தார்.

மூன்றாவது மறுப்பு நம்மவர்களிடமிருந்து வரும்: கமகம் இல்லாத இந்தக் கம்பி இசை நமக்கு எதற்கு? கிதாருக்குக் கமகம் வராது என்பதே சரியல்ல. எச்.எம்.வி.யின் ‘கால் ஆஃப் த வேலி’யில் (1967) பிரிஜ் பூஷண் காப்ரா மடியில் கிடத்திய கிதாரை வழுக்கி வழுக்கி ராகம் பேச வைத்தார். ஃபேஹி அந்த வழியில் போகவில்லை. அவர் ‘ராகா’ என்று பெயரிட்டது நம் இலக்கணப்படி ராகமும் இல்லை. அதில் அவர் நாடியது நிதானமும் நீளமும், ஒரே ஸ்வரத்தின் மேல் தங்கும் பொறுமையும்தான். அவரை ராக அளவுகோலால் அளந்தால் அவருக்கும் நமக்கும் நஷ்டம். வெளியூர்க் கலை என்பதாலேயே அது அந்நியமாகிவிடாது. பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கையிலெடுத்த காலம் முதல் நாம் செய்துவருவதும் வெளிக்கலையை நமதாக்கிக்கொள்வதுதான். தாராவி இளைஞர்கள் நியூயார்க்கில் பிறந்த ராப்பைத் தமிழில் பேசவைத்து, ‘காலா’ (2018) படம்வரை கொண்டுசென்றதும் அதேதான்.

எல்லாமே கைப்பேசியில் கிடைக்கும் இந்த நாளில் தொகுப்பு தேவையா என்றும் கேட்கலாம். எல்லாம் கிடைப்பதால்தான் அதிகம் தேவை. பத்துக் கணக்கான ஆல்பங்கள் முன்னால் குவிந்து கிடக்கும்போது, எதை அடுத்து எதைக் கேட்பது என்று காதறிந்த ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்வது பெரிய உதவி. ஃபேஹி ப்ளூஸுக்கும் தேவாலயப் பாடலுக்கும் செய்தது அதைத்தான். ஆகவே அவருடைய இசைக்கும் அதைச் செய்வது அவருக்குச் செலுத்தும் மரியாதை. கச்சேரி கேட்கும் கவனத்தோடு, ஓர் உருப்படியையும் தாண்டாமல், தொடக்கம் முதல் முடிவுவரை கேட்டால் இந்தத் தொகுப்பு தன்னளவிலேயே ஒரு முழுப் படைப்பு என்பது விளங்கும்.