இருக்கிற பதினோரு பேர்

பந்தை ஒரு தடவைகூட உதைக்காமல் ஒருவர் வருஷக்கணக்கில் கால்பந்து அணியின் கோச்சாக இருக்கலாம். அதற்கு ஒரு லேப்டாப்பும், ராத்திரித் தூக்கத்தைத் தியாகம் செய்யும் மனமும் போதும். 'ஃபுட்பால் மேனேஜர்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் பந்து உங்கள் வசம் இல்லை. ஆட்களைத் தேடிப் பிடிக்கிறீர்கள், சம்பளம் பேசுகிறீர்கள், யார் எங்கே நிற்பது, எப்போது ஓடுவது என்று சொல்லி அனுப்புகிறீர்கள். அதன்பின், கல்யாணச் சமையலை ஒப்படைத்துவிட்ட பெண்ணின் அப்பா மாதிரி கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். தொடர்ந்து தோற்றால் வேலை போய்விடும்.

1982-ல் கெவின் டாம்ஸ் என்ற ஆங்கிலேயர் இதே பெயரில் ஒரு விளையாட்டை எழுதி விற்றார். இன்றைய விளையாட்டின் வம்சாவளி வேறு. பால், ஆலிவர் கோல்யர் என்ற சகோதரர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதி 1992-ல் வெளிவந்த 'சாம்பியன்ஷிப் மேனேஜர்'தான் அதன் மூதாதை. பின்னால் பதிப்பாளரோடு பாகப்பிரிவினை. பழைய பெயர் அவர்களிடம் போய்விட, 2004-லிருந்து 'ஃபுட்பால் மேனேஜர்' ஆயிற்று. ஒவ்வொரு ஆட்டக்காரரின் வேகம், தாவும் உயரம், மன உறுதி, முடிவெடுக்கும் திறன் எல்லாவற்றுக்கும் 1-லிருந்து 20 வரை மார்க் உண்டு. உலகெங்கும் ஆள் வைத்துத் திரட்டிய இந்த விவரங்களை, ஆட்டக்காரர்களைத் தேடப் பயன்படுத்திக்கொள்ள 2008-ல் இங்கிலாந்தின் எவர்டன் கிளப்பே ஒப்பந்தம் போட்டது.

என் அக்கா மகன் திருப்பதியில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். நான் சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். நடுவே சுமார் எழுபது கிலோமீட்டர். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிடுவான். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கால்பந்து என்று வந்துவிட்டால் இரண்டும் கலந்த ஒரு பாஷை. எங்கள் பக்கம் காலி மனை எங்கே கிடைத்தாலும் மூன்று குச்சி நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். அங்கே கால்பந்துப் பைத்தியம் பிடித்த பையன் கொஞ்சம் தனியாள்தான். கல்லூரி அணியில் அவன் வலது ஓரத்து முன்கள ஆட்டக்காரன். நல்ல வேகம்.

லேப்டாப்பில் 2024 பதிப்பு இருக்கிறது. அதில் இந்திய லீக்கும் உண்டு. சென்னையின் எஃப்.சி. அணியை எடுத்துக்கொண்டான். விளையாட்டுக்குள் பல வருஷங்கள் ஓடிவிட்டன. நிஜ ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப்போய், கம்ப்யூட்டரே பெற்றெடுத்த இளைஞர்கள் வந்துவிட்டார்கள். அணி அட்டவணையில் கடைசி இடத்தில் இருந்தது.

"மாமா, மாடர்ன் ஃபுட்பால் இதுதான். பந்து கையைவிட்டுப் போன அடுத்த செகண்டே பாய்ந்து பிடுங்கணும். டிஃபென்ஸ் பாதி மைதானம் வரைக்கும் ஏறி நிக்கணும்" என்றான். மான்செஸ்டர் சிட்டி அப்படித்தான் ஆடுகிறதாம். இருக்கலாம். நான் ஒரு தாளில் பெயர்களை எழுதச் சொல்லி, பக்கத்தில் மார்க்கையும் குறித்துக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவனுக்கு வேறு என்ன தெரியும்? நடுவில் நின்ற இரண்டு தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கும் தலையால் முட்டுவதில் 15, 16. வேகத்தில் 7, 8. நல்ல உயரம், ஆனால் ஓட்டம் கிடையாது. அவர்களைப் பாதி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், எதிரணிக்காரன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் எடுத்துக்கொள்கிறான். வாங்கிய கோல்களில் முக்கால்வாசி அப்படித்தான் விழுந்திருந்தன. மீதி, எழுபதாவது நிமிஷத்துக்குப் பிறகு. பாய்ந்து பாய்ந்து பிடுங்கியதில் நடுக்களத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

எங்கள் ஆலைக்கு வருவது பெரும்பாலும் தோத்தாபுரி. அதற்கேற்பத்தான் மெஷினை வைத்திருக்கிறோம். வேறு பழத்துக்குத் திருத்தி வைத்துக்கொண்டு தோத்தாபுரியைக் கொட்டினால் கூழும் வராது, லாபமும் வராது. இதைச் சொன்னதும் சிரித்தான். ஆனாலும் தற்காப்பு வரிசையைப் பதினைந்து கஜம் கீழே இறக்கினான். உயரமானவர்கள் நிற்கும் இடத்துக்கே பந்து வரும்படி, எதிரணியை ஓரங்களுக்குத் தள்ளும் ஏற்பாடு. பந்து கிடைத்ததும் வேகமான ஓரத்து ஆட்டக்காரன் முன்னால் பறப்பான். அந்த இரண்டு உயரக்காரர்களும் கார்னருக்கு மேலே ஏறி வருவார்கள். ஒரு பைசா செலவில்லை. ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி.

இது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. நம் ஊரில் இதைச் செய்து காட்டியவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 1956 டிசம்பர் 1-ந் தேதி மெல்போர்ன் ஒலிம்பிக்ஸில் அவருடைய இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்தபோது, ஆந்திரப் பிரதேசம் பிறந்து சரியாக ஒரு மாதம் ஆகியிருந்தது. நெவில் டிசூசா மூன்று கோல் போட்டார். நான்காவது இடம் கிடைத்தது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இன்னும் சுவாரசியம். தற்காப்பின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். பின்வரிசையில் நின்று முட்டி மோத முடியாது. வேறொருவராக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை முன்வரிசையில் நிறுத்தினார். அரையிறுதியில் ஒரு கோல், தென் கொரியாவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒரு கோல். 2-1 என்று தங்கம். அடுத்த வருஷம் ஜூனில் ரஹீம் புற்றுநோயில் இறந்துபோனார்.

அந்த இறுதியாட்டத்தில் கோலைக் காத்தவர் பீட்டர் தங்கராஜ். ஹைதராபாத்தில் பிறந்தவர். ராணுவத்தில் சேர்ந்து, வெலிங்டனின் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணிக்கு ஆடியவர். ஆரம்பத்தில் கோல் போடும் இடத்தில், சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தார். பிறகு கோலைத் தடுக்கும் இடத்துக்கு மாறினார். இந்தியா கண்ட சிறந்த கோல்கீப்பர்களில் ஒருவர் கிடைத்தார்.

வியூகம் முடிந்தபின் சம்பளக் கணக்கு. இதில் எனக்கு வாய் அதிகம். ஐ.எஸ்.எல். தொடங்கிய காலத்தில் ஒரே நேரத்தில் ஆறு வெளிநாட்டினர் களத்தில் ஆடலாம். 2017-18-ல் அது ஐந்து ஆயிற்று, 2021-22-லிருந்து நான்கு. அதாவது ஏழு பேர் நம் பையன்கள். என் மருமான் சம்பளப் பணத்தில் பெரும்பகுதியை இரண்டு தென் அமெரிக்க கோலடி வீரர்களுக்குக் கொட்டியிருந்தான். அவர்களுக்குப் பந்து கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. ஒரே ஒரு இடது பேக், அவனுக்கும் காயம். முதுகெலும்பிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். பின்வரிசையில் ஒருவர், நடுக்களத்தில் ஒருவர், முன்னால் ஒருவர் என்று வெளிநாட்டுப் பணத்தைப் பிரி. ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு ஆள் வை. இரண்டாவது ஆள் இருபது வயசுக்குள் இருக்கட்டும். ஒப்பந்தம் முடியப்போகிறவர்களை ஆறு மாதம் முன்பே பட்டியல் எடு. நாலாவது வேலைதான் யாருக்கும் பிடிக்காது. ஆனால் நல்ல ஆட்டக்காரன் சும்மா கைநழுவிப் போவது அங்கேதான்.

இதற்கு நிஜ உதாரணம் கோயம்புத்தூரில் உண்டு. 2018-19-ல் அங்கே நேரு ஸ்டேடியத்தில் ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி.க்கு சிங்கப்பூர்க்காரரான அக்பர் நவாஸ் கோச். கிழக்கு வங்காளம், மோகன் பகான் மாதிரிப் பணமும் பெயரும் கிடையாது. ஒரு சில ஸ்பானிஷ்காரர்களை முதுகெலும்பாக வைத்துச் சுற்றிலும் எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ்நாட்டுப் பையன்களைப் போட்டார். பெட்ரோ மான்ஸி 21 கோல் அடித்தார். கடைசி நாள் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, கிழக்கு வங்காளத்தைவிட ஒரே ஒரு பாயிண்ட் கூடுதலாகப் பெற்று ஐ-லீக் சாம்பியன் ஆனார்கள்.

பொறுமைக்கும் உதாரணம் இருக்கிறது. என் மருமான் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வியூகத்தை மாற்றுவான். விளையாட்டு அதற்குத் தண்டனை தருகிறது. புது முறை ஆட்டக்காரர்களுக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் மறுபடி மாற்றினால் எதுவும் ஒட்டாது. 2015-ல் மாட்டராஸியின் சென்னையின் எஃப்.சி. பத்து ஆட்டம் முடிந்தபோது கடைசி இடம். அடுத்த நான்கையும் வென்றது. சென்னை வெள்ளத்தால் சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதி புனேவுக்குப் போயிற்று. கோவாவில் இறுதியாட்டத்தின் கடைசி நிமிஷங்களில் இரண்டு கோல் விழ, 3-2 என்று கோப்பை. கார்னரின் மகிமைக்கு 2018. பெங்களூரில் பெங்களூருவை 3-2 என்று வென்ற இறுதியாட்டத்தில், தற்காப்பு ஆட்டக்காரர் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து தலையால் முட்டியது இரண்டு கோல்.

லேப்டாப்பில் இல்லாத சங்கடங்களும் உண்டு. அங்கே சீசன் சொன்ன தேதியில் தொடங்கும். நிஜத்தில் 2025 ஜூலையில், ஐ.எஸ்.எல். சீசனையே நிறுத்திவைப்பதாக அறிவித்தார்கள். சாம்பியனான சென்னை சிட்டி 2021-க்குப் பிறகு ஐ-லீகில் இல்லை. எந்த வியூகமும் இதற்கு உதவாது.

இந்தக் கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை மருமான் முகம் தொங்கி வந்தான். கல்லூரி கோச் அவனை முன்களத்திலிருந்து இறக்கி ரைட் பேக் ஆக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லையாம். "இனிமே போகமாட்டேன் மாமா. கோல் போடுறவனைப் பின்னாடி நிறுத்தினா அவமானம் இல்லையா?" அக்காவுக்கு இதில் உள்ளூரச் சந்தோஷம். ஆட்டத்தை விட்டால் அரியர் பேப்பரை முடிப்பான் என்று கணக்குப் போட்டாள்.

அன்று ராத்திரி லேப்டாப்பில் எங்களுக்கு ரைட் பேக் தட்டுப்பாடு. யோசிக்காமல் பத்தொன்பது வயசு ஓரத்து ஆட்டக்காரன் ஒருவனை அங்கே தள்ளினான். இரண்டு ஆட்டம் கழித்து, அந்தப் பையன் மனக்குறையோடு இருப்பதாகத் திரையில் செய்தி வந்தது. "இவனுக்கு என்ன கொழுப்பு பாருங்க மாமா. டீமுக்காகத்தானே மாத்தினேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் முகத்தை மட்டும் பார்த்தேன். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தொடாமல் இருந்தான். பிறகு, ஆட்டக்காரரைக் கூப்பிட்டுப் பேசும் வசதி ஒன்று அதில் இருக்கிறதே, அதைத் திறந்தான்.

ஜர்னைல் சிங்கிடமும் தங்கராஜிடமும் யார் என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் பழகிய இடத்தை விட்டு ஒருவன் மனசார நகர்கிறான் என்றால், அவனுக்கு ஏதோ ஒரு நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும். வியூகத்தில் பாதி அந்த நம்பிக்கைதான். மார்க் போட முடியாத பாதி.

திங்கட்கிழமை அவன் போய் கோச்சிடம் கேட்டிருக்கிறான். "முன்னால் ஓட இங்கே நாலு பேர் இருக்கான். ஓடிட்டுத் திரும்பி வர்றவன் நீ ஒருத்தன்தான்" என்றாராம் அவர். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அக்காவுக்கு வீண் ஆசை ஏற்பட்டிருக்காது.

கல்லூரி அணி முதல் சுற்றிலேயே தோற்றது. லேப்டாப் அணி நான்காவது இடத்தில் முடித்தது. போனில் எனக்கு அவன் சொன்னது இரண்டும் இல்லை. எதிரணியின் இடது ஓரத்து ஆட்டக்காரன் தொண்ணூறு நிமிஷமும் தன்னைத் தாண்டிப் போகவில்லை என்பதைத்தான் இரண்டு பாஷையிலும் சொன்னான்.