இரட்டை அடைப்புக்குறி

தவறை முதலில் கண்டுபிடித்தவள் பதினோரு வயதுச் சிறுமி. ஃபோர்ட் கொச்சியின் வெளிப் பகுதியில், துணி வெளுக்கும் தோபிகானாவுக்கு அருகில் அவள் வீடு. அங்கிருக்கும் அவளுடைய பாட்டியின் பேச்சைப் பதிவுசெய்வதற்காக, மட்டாஞ்சேரியில் மாடியறை எடுத்துத் தங்கியிருந்த மொழியியல் ஆய்வாளர் ஒருவர் வாரம் இருமுறை வந்துபோனார். வெட்டித் தொகுத்த ஒலித்துண்டுகளைப் பாட்டிக்குப் போட்டுக்காட்ட ஒருநாள் மடிக்கணினியைத் திறந்தபோது, திரையை எட்டிப் பார்த்த பேத்தி சொன்னாள்: “பாட்டி, நீங்க பேசினதெல்லாம் மலையாளம்னு இதுல எழுதியிருக்கு.”

“நான் எப்ப அந்தப் பொண்ணுகிட்ட மலையாளம் பேசினேன்?” என்றார் பாட்டி.

பேசவில்லைதான். அந்த வாரத்துத் துண்டுகள் மொத்தம் 63. அத்தனையும் மலையாளக் கோப்புறையில் இருந்தன. தமிழ்க் கோப்புறை காலி. முந்தைய வாரங்களின் துண்டுகள் சரியாகவே பிரிந்திருந்தன. குறைந்தபட்சம், அன்றைக்கு அப்படித்தான் தோன்றியது.

தோபிகானாவில் வேலைசெய்யும் வண்ணார் குடும்பங்களின் முன்னோரை, தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக டச்சுக்காரர்கள் தமிழகத்திலிருந்து அழைத்துவந்தார்கள் என்பது அச்சமூகத்தில் வழங்கும் வரலாறு. தலைமுறைகள் கடந்தும் பல வீடுகளுக்குள் தமிழ் நிற்கிறது. சில தெருக்கள் தள்ளி மட்டாஞ்சேரிக்குள் நுழைந்தால் கொங்கணி, குஜராத்தி, கச்சி என்று காது மாறிக்கொண்டே போகும். இத்தகைய இடத்தில் ஒரு பதிவின் மேல் ஒட்டப்படும் மொழிப்பெயர் சிறிய விஷயமில்லை. கொச்சியின் போர்த்துக்கீசியக் கிரியோலைப் பேசிய கடைசி மனிதரான வில்லியம் ரொசாரியோ 2010-இல் வைப்பினில் மறைந்தார். அதன்பின் ஆய்வாளர்களுக்கு மிஞ்சியவை பதிவுகளும் அவற்றின் மேலுள்ள குறிப்புகளுமே.

குறிப்புகளை ஆய்வாளர் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தார். ஒவ்வொரு ஒலித்துண்டுக்கும் ஒரு சிறிய உரைக்கோப்பு. அதில் ஐஎஸ்ஓ 639-3 தரத்தின் மூன்றெழுத்து மொழிக்குறி. அதைப் படித்து, தமிழ்க்குறி இருந்தால் தமிழ்க் கோப்புறைக்கும் இல்லையென்றால் மலையாளக் கோப்புறைக்கும் துண்டை நகர்த்துவது அவர் எழுதிய இருபது வரி ஸ்கிரிப்டின் வேலை. அவருடைய ஃபெடோரா கணினியில் மாதக்கணக்கில் ஓடியது. அந்த வாரம் கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. வீட்டுக்காரரான ஓய்வுபெற்ற மாஷ் தம்முடையதைத் தந்து உதவினார். கேரளப் பள்ளிகளுக்காக உபுண்டுவை அடித்தளமாகக்கொண்டு ஆக்கப்பட்ட ஐடி அட் ஸ்கூல் லினக்ஸின் 18.04 பதிப்பு அதில் இருந்தது. 2001-02-இல் தொடங்கி, 2017-இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக மாறிய அந்தத் திட்டத்தின் புண்ணியத்தில், கேரளத்தில் பள்ளி ஆசிரியர் வீட்டுக் கணினியில் லினக்ஸ் இருப்பது அதிசயமில்லை.

ஸ்கிரிப்டு ஒன்றே. கணினிகள் இரண்டு. விடைகளும் இரண்டு.

காரணம் ஷெல்லில் இருந்தது. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரலே ஷெல். ‘எஸ்எச்’ என்ற பெயர், ஸ்டீபன் பார்ன் எழுதி 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த ஷெல்லுக்கு உரியது. இன்று அது பெயர்ப்பலகை மட்டுமே. பலகைக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இயங்குதளத்தைப் பொறுத்தது. ஃபெடோராவில் பிரையன் ஃபாக்ஸ் தொடங்கிய பாஷ். உபுண்டுவில், 2006 அக்டோபரில் வெளிவந்த 6.10 பதிப்பிலிருந்து, டேஷ். கென்னத் ஆல்ம்குவிஸ்ட் 1989-இல் எழுதிய ஆஷ் ஷெல்லின் வழித்தோன்றல் அது. 1997-இல் ஹெர்பர்ட் சூ லினக்ஸுக்குக் கொண்டுவந்தார், 2002-இல் இப்பெயர் பெற்றது. சிறியது, விரைவானது, போசிக்ஸ் தரத்துக்கு வெளியே மிகக் குறைவாகவே பேசுவது. கணினி விரைவாகத் தொடங்கவேண்டும் என்பதற்காகவே உபுண்டு அதற்கு மாறியது. மாறியபோது, முதல் வரியில் எஸ்எச் என்று எழுதிவிட்டு உள்ளே பாஷின் வழக்கில் எழுதப்பட்டிருந்த ஸ்கிரிப்டுகள் பல இடறின. அத்தகைய வழக்குகளுக்கு ‘பாஷிசம்’ என்றே ஒரு பெயர் உண்டு.

ஆய்வாளர் எழுதியதும் அதே ரகம். ஒப்பிடும் வரியில் இரட்டைச் சதுர அடைப்புக்குறி போட்டிருந்தார். பாஷுக்கு அது இலக்கணம். டேஷுக்கோ, அப்படி ஒரு கட்டளையே கிடையாது. கிடைக்காத கட்டளை தோல்வியுற்ற கட்டளை. தோல்வி என்றால் நிபந்தனை பொய். நிபந்தனை பொய் என்றால் ‘இல்லையென்றால்’ கிளை. அங்கே மலையாளம் காத்திருந்தது. பிழை நேர்ந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தச்சொல்லும் ‘செட் -இ’ மேலே இருந்தும் பயனில்லை: நிபந்தனைக்குள் தோற்கும் கட்டளையை அது கணக்கில் எடுப்பதில்லை. பிழைச்செய்திகளோ, யாரும் திறந்து பார்க்காத பதிவேட்டுக் கோப்பொன்றுக்குத் திருப்பிவிடப்பட்டிருந்தன. 63 முறை டேஷ் முறையிட்டது அங்கே அப்படியே கிடந்தது.

பழுது நீங்கித் தம் கணினி வந்ததும், மாஷின் கணினியில் இருந்த அதே டேஷைத் தம்மிடத்திலும் வைத்துச் சோதிக்க முடிவுசெய்தார். ஃபெடோராவின் களஞ்சியத்தில் கிடைத்தது புதிய பதிப்பு. அவருக்குத் தேவை 0.5.8. ஆகவே மூலநிரல் பொதியை இறக்கினார். அவிழ்த்து, ‘கன்ஃபிகர்’ கட்டளையில் நிறுவுமிடமாகத் தம் வீட்டுக் கோப்பகத்துக்குள் ஒரு மூலையைக் குறித்து, ‘மேக்’, பிறகு ‘மேக் இன்ஸ்டால்’. நிர்வாகி உரிமை தேவைப்படவில்லை. சோதனைக்காக இயங்குதளத்தின் எஸ்எச் இணைப்பையே டேஷுக்கு மாற்றிவைப்பவர்கள் உண்டு. வேண்டாத வேலை, பாஷை நம்பி எழுதப்பட்ட வேறு ஏதோவொன்று எங்கோ சாயும். தனி இடத்தில் நிறுவி, அதன் முழுப்பாதையைச் சொல்லி ஸ்கிரிப்டை அதனிடம் கொடுத்தால் போதும்.

தேநீர் ஆறுவதற்குள் நிறுவல் முடிந்தது. பாஷ் ஒரு மெகாபைட்டுக்கு மேல் இருக்க, இது சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கியது. திறந்து, பழக்கதோஷத்தில் மேல்நோக்கு அம்பு விசையை அழுத்தினார். முந்தைய கட்டளை வரவில்லை, ^[[A என்று நான்கு குறிகள் வந்து விழுந்தன. வரித்திருத்த நூலகம் சேர்க்காமல் தொகுத்தால் டேஷுக்கு முந்தையதை நினைவுகூரும் வழக்கம் இல்லை. அந்தச் சிரிப்பூட்டும் விடைக்குள்ளும் இரட்டை அடைப்புக்குறி உட்கார்ந்திருந்தது.

விடை தெரிந்த ஆறு துண்டுகளின் நகல்களை ஒரு தனிக் கோப்புறையில் வைத்து ஓட்டினார். மாஷின் கணினியில் நடந்தது அப்படியே நடந்தது. இரட்டை அடைப்பை ஒற்றையாக்கினார். இப்போது, எதிர்பாராத செயற்குறி என்றது டேஷ். இரட்டைச் சமக்குறியும் பாஷின் வழக்கு. அதையும் ஒற்றையாக்கி, மாறியை மேற்கோளுக்குள் வைத்தார். தமிழ்த் துண்டுகள் தமிழுக்குப் போயின.

ஆனால் ஆறாவது துண்டு மலையாளத்துக்குப் போனது. அதன் குறிப்பில் அவரே எழுதியிருந்தது தமிழுமல்ல, மலையாளமுமல்ல. பல மொழிகள் என்பதற்கான குறி. ஷெல் இப்போது சரியாகத்தான் வேலைசெய்தது. ‘தமிழ் இல்லையென்றால் மலையாளம்’ என்று எழுதியவர் அவர். பாஷிலும் அந்த வரி அதையேதான் செய்திருக்கும். முந்தைய மாதங்களின் தொகுப்பைத் திறந்து குறிப்புகளோடு ஒப்பிட்டார். 29 துண்டுகள், தம் கணினியில், எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல், மலையாளமாகியிருந்தன. டேஷ் குறுக்கிட்டிராவிட்டால் அவர் அதை ஒருபோதும் திறந்து பார்த்திருக்கப்போவதில்லை.

அன்றிரவு அந்த நிபந்தனை முழுவதையும் ‘கேஸ்’ கூற்றாக மாற்றினார். தமிழுக்கு ஒரு கிளை, மலையாளத்துக்கு ஒரு கிளை, கலப்புக்கு ஒன்று. எதிலும் பொருந்தாத குறி வந்தால் துண்டு நகராது. ஸ்கிரிப்டு பெயரைச் சொல்லி நின்றுவிடும். டேஷிலும் பாஷிலும் ஓட்டினார். ஜப்பானியரான யூகி வாட்டனபே எழுதிய, போசிக்ஸ் தரத்தில் கறாரான யாஷ் ஷெல்லையும் மூலத்திலிருந்து தொகுத்து அதிலும் ஓட்டினார். மூன்றும் ஒரே விடை சொல்லின. பிழைச்செய்திகள் இனித் திரைக்கே வரும்.

அடுத்தமுறை வெளிக்குப் போனபோது பேத்தி முதலில் கேட்டது கோப்புறைகளைத்தான். கலப்புக் கோப்புறையிலிருந்து ஒரு துண்டைப் போட்டார். ஆய்வாளரிடம் கஞ்சிப்பசை காய்ச்சுவதைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்த பாட்டி, பாதி வாக்கியத்தில் பேத்தியைப் பார்த்து “மோளே” என்று திரும்பி, மலையாளத்தில் அதை முடிக்கிறார்.

“இது மலையாளம்தானே,” என்றாள் சிறுமி.

“போடி, கஞ்சின்னுதானே சொன்னேன். அது தமிழ்,” என்றார் பாட்டி.

ஆய்வாளர் பதிவுக் கருவியை மறுபடி இயக்கினார்.