மஞ்சக்கொடி, நீலக்கொடி

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம் இது. வார நாட்களில் ஆணி பிடுங்கவே நேரம் சரியாப் போயிடுது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெயிலில் நிற்கப் போய்விடுகிறேன். ஆமாங்க, நிற்கத்தான். கார்ட் பந்தயம் நடக்கும் தடத்தில் கொடி பிடித்துக்கொண்டு நிற்பது. மார்ஷல் என்று சொல்வார்கள். சம்பளம் கிடையாது. மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம், ரெண்டு டீ, தண்ணி மட்டும் எவ்வளவு வேணும்னாலும்.

"கொடி பிடிக்கிறியா? எந்தக் கட்சிக்குடா?" என்று விருத்தாசலத்தில் பக்கத்து வீட்டு மாமா கேட்டார். அவர் மேல் தப்பில்லை. 2006ல் விஜயகாந்த் நின்று ஜெயித்த ஊர் எங்கள் ஊர். அங்கே கொடி என்றால் ஒரே அர்த்தம்தான் :-)

கார்ட் என்றால் ஏதோ மால்களில் குழந்தைகள் ஓட்டும் பொம்மை வண்டி என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். 1956ல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் புல் வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை எடுத்து ஒரு குழாய்ச் சட்டத்தில் மாட்டி ஓட்டினார். அவர் பந்தயக் கார் கட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். கார்ட்டின் கதை அங்கிருந்துதான் ஆரம்பம். அடிப்படை இன்னைக்கும் பெரிசா மாறல. சஸ்பென்ஷன் கிடையாது. டிஃபரென்ஷியல் கிடையாது. பின்சக்கரம் ரெண்டும் ஒரே அச்சில் இருப்பதால், திருப்பத்தில் சட்டமே வளைந்து உள்பக்கச் சக்கரத்தை லேசாகத் தூக்கினால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். பந்தயக் கார்ட்டில் சீட் பெல்ட்டும் கிடையாது. தலைக்கு மேல் கூண்டு இல்லாத வண்டி கவிழ்ந்தால் அதோடு கட்டிக் கிடப்பதைவிட வெளியே விழுவது மேல் என்று ஒரு கணக்கு. ஒரு நாள் ஓட்டினால் மறுநாள் விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பேசும்.

ஃபார்முலா ஒன்றுக்குப் போகும் பையன்கள் பெரும்பாலும் ஆரம்பிப்பது இந்த வண்டியில்தான். நம்ம பக்கம் பந்தயம் புதுசும் இல்லை. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பித்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதில்தான் பல வருஷம் பந்தயம் நடந்தது. பிறகு 1990ல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் வந்தது. கோயம்புத்தூர் பக்கம் செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, கரிவரதன் பெயரில் கட்டியது. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார் கட்டியவர் அவர். 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை நரேன் கார்த்திகேயன் 2005லும் சென்னை கருண் சந்தோக் 2010லும் ஃபார்முலா ஒன்றில் ஓட்டினார்கள். இந்தியாவிலிருந்து அங்கே போனவர்கள் இதுவரை இவர்கள் ரெண்டே பேர்தான், ரெண்டு பேரும் தமிழ்நாடு. இதெல்லாம் பேப்பரில் வரும். அந்தத் தடங்களின் ஓரத்தில் ஆரஞ்சுச் சட்டையும் தொப்பியுமாக நின்றவர்கள் பற்றி ஒரு வரி வராது. வரவும் வேண்டாம். ஆனால் ஓரத்தில் ஆள் இல்லாமல் ஒரு சுற்று கூட ஓட விடமாட்டார்கள்.

வேலை என்ன? தடத்தைச் சுற்றி நம்பர் போட்ட நிலைகள் இருக்கும், போஸ்ட் என்போம். மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. நீலம் என்றால் உன்னை ஒரு சுற்று முந்தப்போகிற வண்டி பின்னால் வருகிறது, வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடு இருந்தால் தடத்தில் எண்ணெயோ தண்ணியோ, வழுக்கும். சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். பச்சை என்றால் எல்லாம் சரி. இதைப் படிக்க அரை மணி நேரம் போதும்.

எப்படி நிற்பது என்பதுதான் விஷயம். ஒரு போஸ்டில் ரெண்டு கொடிக்காரர்கள். நீலக்கொடிக்காரர் வண்டிகள் வரும் பக்கம் பார்த்து நிற்பார். மஞ்சக்கொடிக்காரர் வண்டிகள் போகும் பக்கம் பார்ப்பார், அங்கே யாராவது சுழன்றால் உடனே கொடி ஆட்ட வேண்டுமே. அதாவது மஞ்சக்கொடிக்காரருடைய முதுகு, வேகமாக வரும் வண்டிகளுக்கு நேராக இருக்கும். அவர் திரும்பிப் பார்க்கவே கூடாது. திரும்பினால் வேலை கெட்டது. அவருக்குப் பதிலாக எதிரே நிற்பவர் பார்க்கிறார். ஏதாவது வண்டி தடத்தை விட்டு நம் பக்கம் வந்தால் ஒரு விசில், ஒரு கத்தல், அவ்வளவுதான் நேரம்.

முதல் நாள் என்னை மஞ்சளில் நிறுத்தினார்கள். எதிரே நீலத்தில் நின்றவர் புதுப்பேட்டைப் பக்கம் மெக்கானிக். முழுப்பேரு கூடத் தெரியாது, அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கழுத்து தன்னால பின்பக்கம் திரும்பும். அவர் சிரித்துக்கொண்டே, "தம்பி, அந்தப் பக்கம் என்னுது. நீ உன் பக்கத்தப் பாரு" என்றார். ஆபீசில் ஒரு வரி கோடு எழுதினால் ரெண்டு பேர் ரிவ்யூ பண்ணி, டெஸ்டிங் போய், அப்பவும் யாரும் யாரையும் நம்புவதில்லை. இங்கே அரைமணி முன்னால் பார்த்த ஆளிடம் முதுகைக் கொடுத்துவிட்டு நிற்க வேண்டியிருக்கிறது. மதியத்துக்குள் கழுத்து திரும்புவது நின்றுவிட்டது.

எங்கள் கூட்டத்தில் யார் யாரெல்லாம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ரிட்டயர்டு பேங்க் சார் ஒருத்தர், சோழவரம் பந்தயத்தைச் சின்னப் பையனாகச் சைக்கிளில் போய்ப் பார்த்தவர். இன்ஜினியரிங் மாணவர்கள் நாலைந்து பேர், சர்ட்டிஃபிகேட்டுக்கு வந்து அப்படியே தங்கியவர்கள். ஒரு பல் டாக்டரம்மா. ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர், "வாரம் பூரா நான் ஓட்டுறேன், இன்னிக்கு அவங்க ஓட்டட்டும்" என்பார். வாக்கிடாக்கியில் யாருக்கும் பெயர் கிடையாது. போஸ்ட் மூணு, போஸ்ட் நாலு, அவ்வளவுதான். டீ வந்தால் யார் டாக்டர், யார் டிரைவர் என்று பார்த்துக் கொடுப்பதில்லை, தூரத்துப் போஸ்டுக்கு முதலில் போகும்.

சும்மா ஜாலி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். போன வருஷம் ஒரு பயிற்சி ஓட்டம். எந்தத் தடம் என்பது வேண்டாம். பன்னிரண்டு வயசுப் பையன் ஒருத்தன் கொண்டை ஊசித் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் சுழன்று, தடத்தின் நடுவில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றுவிட்டான். எஞ்சின் அணைந்துவிட்டது. ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிகிறது, உறைந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். எங்களுக்கு முந்தைய போஸ்டில் மஞ்சள் ஆட ஆரம்பித்தது. அண்ணன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போ என்று அர்த்தம்.

போனேன். வண்டியைத் தள்ளுவதற்கு முன்னால் பையனை எழுப்ப வேண்டும். அவன் வண்டி வரும் திசையைப் பார்க்கிறான், நான் அவனைப் பார்க்கிறேன். என் முதுகு மறுபடி தடத்துக்கு. கையைப் பிடித்து இழுக்கும்போது விசில் கேட்டது. ஒன்று இல்லை, ரெண்டு. யோசிக்கவில்லை. பையனைச் சேர்த்து இழுத்துக்கொண்டு டயர்ச் சுவருக்குப் பின்னால் விழுந்தேன். லேட்டாக பிரேக் பிடித்த ஒரு கார்ட் வழுக்கிக்கொண்டு வந்து, நாங்கள் நின்ற இடத்தைத் தாண்டி, நின்றிருந்த வண்டியில் இடித்து நின்றது. அந்த ஓட்டுநருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் அப்புறம் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், என் லேப் டைம் போச்சா?" அங்கிளாம். இருபத்தெட்டு வயசுதாங்க எனக்கு.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. 2000ல் இத்தாலியின் மோன்சாவில் பாவ்லோ ஜிஸ்லிம்பெர்ட்டி என்ற தன்னார்வத் தீயணைப்பு மார்ஷல், விபத்தில் பறந்து வந்த சக்கரம் பட்டு இறந்தார். ஆறே மாசத்தில், 2001 மார்ச்சில், மெல்போர்னில் கிரஹாம் பெவரிட்ஜ் என்ற மார்ஷலும் அதேபோல் ஒரு சக்கரத்தால் இறந்தார். ரெண்டு பந்தயத்திலும் ஜெயித்தது ஷூமேக்கர் என்பது எல்லாருக்கும் தெரியும். இந்த ரெண்டு பெயர்களை எங்கள் பேங்க் சார் ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாளே சொல்லிவிடுவார். பயமுறுத்த இல்லை. "தெரிஞ்சிக்கிட்டு நில்லுப்பா" என்பார்.

இடித்த சம்பவத்தை வீட்டில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். முழங்கையில் சிராய்ப்பைப் பார்த்து அம்மா பிடித்துவிட்டாள். "காசும் இல்ல, பேரும் இல்ல, எவன் புள்ளையோ வண்டி ஓட்ட நீ ஏன் உசிரக் குடுக்கணும்?" பதில் வரவில்லை எனக்கு.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் சூளையில் நின்றவர். விருத்தாசலத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: நெய்வேலிச் சுரங்கம் பக்கத்தில், அங்கே நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் கிடைக்கும். அதனால் எங்கள் ஊரில் பீங்கான் தொழில் வந்தது, அதைப் படிக்க என்றே அரசுக் கல்வி நிறுவனமும் வந்தது. உங்க வீட்டு ப்யூஸ் கட்டை எங்க ஊரில் செய்ததாகக் கூட இருக்கலாம். பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றை அப்பாவிடம் காட்டியிருக்கிறேன். கார்ட் எஞ்சின் சரியாக எரிகிறதா என்று அந்த வெள்ளைப் பீங்கானின் நிறத்தைப் பார்த்தே மெக்கானிக் அண்ணன் சொல்வார், காப்பிப்பொடி நிறம் என்றால் சரி, கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைச்சல். அப்பா உருட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மண்ணு இல்லடா, அலுமினா" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்று ராத்திரி சாப்பிட்டபின் அவராகப் பேசினார். அந்தக் காலத்தில் சூளை மூட்டினால் 1,200 டிகிரி தாண்டும், அடங்கும் வரை விட்டுவிட்டு வர முடியாது, ஆள் மாற்றி ஆள் நிற்க வேண்டும். "நான் ரெண்டு மணி கண்ணசந்தா பக்கத்துல ஒருத்தன் பாத்துக்கிட்டு இருப்பான். அவன் யாரு, என்ன ஆளு, எதுவும் கேட்டதில்ல. அவன் முழிச்சிருக்கான்னு தெரியும், அதனால தூக்கம் வரும்." அப்புறம் என் முழங்கையைப் பார்த்தார். "உனக்கு விசில் அடிச்சவன் இன்னமும் அங்கதான் நிக்கிறானா?"

"ஆமாப்பா."

"அப்பப் போ. முழுக்கை சட்டை போட்டுக்கிட்டுப் போ."

அம்மா கேள்விக்குப் பதில் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். பந்தயம் எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்கு டிவி போதும். நான் அங்கே போவது இன்னொருத்தர் பக்கத்தைப் பார்க்காமல் என் பக்கத்தை மட்டும் பார்க்கலாம் என்கிற நிம்மதிக்காக. வாரத்தில் அஞ்சு நாளில் அது எங்கேயும் கிடைப்பதில்லை.

விருப்பம் இருக்கிறவர்களுக்கு: கார் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். பந்தய கிளப்புகள் தன்னார்வலர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்துத்தான் நிறுத்துவார்கள். மூடிய ஷூ, பருத்திச் சட்டை, காதுக்கு அடைப்பான், தொப்பி. சிவப்பு, மஞ்சள் நிறத்தில் சட்டை போடாதீர்கள், கொடி என்று ஓட்டுகிறவர் குழம்பிவிடுவார். தடத்துக்குள் நாய் வந்தால் துரத்துவதும் நம்ம வேலைதான். 2011ல் கிரேட்டர் நொய்டாவில் நடந்த முதல் இந்திய கிராண்ட் பிரீயின் முதல் பயிற்சி ஓட்டத்தையே ஒரு தெருநாய் நிறுத்தியிருக்கிறது, ஆக அதுவும் சர்வதேசத் தரமான வேலை :-)

பி.கு: பக்கத்து வீட்டு மாமாவிடம் கடைசியில் மஞ்சக்கட்சி என்று சொல்லிவிட்டேன். அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.