தோணிபுரத்தைச் சூழ்ந்த வெள்ளம்: சீர்காழி கண்ட திருப்பங்கள்!

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் சீர்காழி. இந்த ஊருக்குப் பன்னிரண்டு பெயர்கள். அதில் ஒன்று தோணிபுரம். ஊழி வெள்ளத்தில் சிவபெருமான் தோணியில் வந்து தங்கிய தலம் என்கிறது புராணம். சட்டைநாதர் கோயிலின் நடுத்தளத்தில் இன்றும் தோணியப்பர் தரிசனம்.

7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பிறந்தது இங்கேதான். பிறகு முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், நம்ம சீர்காழி கோவிந்தராஜன்... பாட்டுக்குப் பஞ்சமில்லாத மண்!

ஆனால், இளம் தலைமுறைக்கு சீர்காழி என்றதும் நினைவுக்கு வருவது 2022 நவம்பர் மழைதான். ஒரே நாளில் சுமார் 44 செ.மீ. கொட்டித் தீர்த்தது. இது கடைமடைப் பகுதி. காவிரித் தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். வெள்ளம் என்றால் மேட்டுப்பகுதித் தண்ணீரும் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். சம்பா இளம்பயிர் அப்படியே மூழ்கியது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது அரசு. நடவுக்கூலி கொடுத்தவர்களுக்கு அது எந்த மூலைக்கு?

ஐந்தே மாதம். 2023 ஏப்ரலில் கும்பாபிஷேகத்துக்கு யாகசாலை அமைக்கக் கோயில் வளாகத்தில் பள்ளம் தோண்டினார்கள். உள்ளே 20-க்கும் மேற்பட்ட ஐம்பொன் சிலைகள். கூடவே, தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் அதிகமான செப்பேடுகள். சம்பந்தர் பிறந்த ஊரில், அவர் பாட்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது!