கயிறு தொங்க வேண்டும்

பெங்களூரில் ஹெண்ணூரைத் தாண்டி பாகலூர் போகிற சாலையில், தைல மரங்களுக்கு நடுவே பச்சை வலை அடித்த ஒரு மைதானம் இருக்கிறது. ஞாயிறு காலைகளில் அங்கே இளநாய்களுக்கு வகுப்பு. இன்னொரு நாயைக் கண்டதும் குரைத்துப் பாய்கிற, வளர்ப்பவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடுகிற நாய்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. நான் போனபோது ஆறு நாய்கள் வந்திருந்தன. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஒன்று தகரக் கொட்டகை ஓரம், மூன்று மைதானத்தின் மூலைகளில், ஒன்று இன்னும் காரைவிட்டே இறங்கவில்லை. கொடி கட்டிப் பழைய பெட்ஷீட்டுகளைத் தொங்கவிட்டு, ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் மறைத்திருந்தார்கள். நாயோடு நாய் பழகச் சொல்லித்தரும் இடத்தில் முதல் வேலையே பிரித்து வைப்பதுதான்.

வகுப்பை நடத்துபவரை எல்லோரும் மாஸ்டர் என்கிறார்கள். கோலார் தங்கவயல் தமிழர். ராணுவத்தின் நாய்ப் பிரிவில் இருந்தவர், மீரட்டிலுள்ள ராணுவக் கால்நடைப் படையின் (ஆர்.வி.சி.) மையத்தில் தொழில் கற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். "ஆர்மியில ஒரு நாய்க்கு ஒரு ஆள். அது வேலைக்குப் போற இடத்துல பத்து தெருநாய் நிக்கும், திரும்பிக்கூடப் பார்க்காது. வீட்டு நாய்க்கு அவ்வளவு வேண்டாம். பார்க்கட்டும். பார்த்துட்டு, சரின்னு விட்டுட்டு நம்மகிட்ட திரும்பணும். அது போதும்."

அன்று நான் அதிகம் கவனித்தது லட்டு என்ற எட்டு மாத லேப்ரடார். அதை அழைத்து வந்த இளம்பெண் ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கிறார். குட்டியாக இருந்தபோது எல்லா நாய்களோடும் விளையாடிய நாய், இப்போது அடுக்ககத்தில் இறங்கினாலே ரகளை செய்கிறது என்றார். மாஸ்டர் அவரை மைதானத்தின் ஓரத்தில் ஓர் இடத்தில் நிற்க வைத்தார். எதிர்முனையில், ஐம்பது அடிக்கு அப்பால், பெட்ஷீட் மறைவிலிருந்து உதவியாள் பையன் ஒரு கிழட்டு நாயை நடத்திக்கொண்டு வெளியே வந்தான். கருப்பு நிறத் தெருநாய், பெயர் கரியா. அது லட்டுவின் பக்கம் பார்க்கவே இல்லை. மண்ணை முகர்ந்துகொண்டு வளைந்து நடந்தது.

லட்டுவின் உடம்பில் நடந்ததை மாஸ்டர் எனக்கு மெதுவான குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். திறந்திருந்த வாய் மூடிக்கொண்டது. காது முன்னால் வந்தது. வால் ஆடுவது நின்று, ஒரு முழம் மேலே ஏறி நின்றது. எடை முன்னங்காலுக்குப் போனது. "இப்பக் குடுங்கம்மா, இப்ப!" என்றார். வேகவைத்த கோழி ஈரலில் ஒரு பட்டாணி அளவுத் துண்டு. நாய் தலையைத் திருப்பித் தின்றது. திரும்பக் கரியாவைப் பார்த்தது. திரும்ப ஒரு துண்டு. நான்கைந்து முறைக்குப் பின், கரியாவைப் பார்த்துவிட்டு லட்டு தானாகவே அந்தப் பெண்ணின் முகத்தை நிமிர்ந்து பார்த்தது. வாய் மறுபடி திறந்து மூச்சு வாங்கியது. மாஸ்டர் கையை உயர்த்தினார். பையன் கரியாவை மறைவுக்குள் கூட்டிப்போய்விட்டான். லட்டு ஒரு குரைப்புகூடக் குரைக்கவில்லை.

குரைத்த பிறகு எதையும் சொல்லித்தர முடியாது என்பது இந்தத் தொழிலின் அடிப்படை. கொதிநிலைக்குப் போன நாய் ஈரலை மூக்கின் மேல் வைத்தாலும் தின்னாது. வாய் மூடிக்கொள்வதற்கும் முதல் குரைப்புக்கும் இடையே இருக்கும் ஒன்றிரண்டு நொடிகளில்தான் பாடம் நடக்கிறது. அந்த நொடிகளை நீட்டித் தருவது தூரம். ஐம்பது அடியில் யோசிக்க முடிகிற நாயால் முப்பது அடியில் முடியாது. எந்த நாய்க்கு இன்று எத்தனை அடி என்பதைக் கண்ணாலேயே அளப்பதுதான் மாஸ்டரின் கைவேலை. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையும் அவர் பார்த்துக்கொள்கிறார். கண்ணுக்கு மறைத்தாலும் மூக்குக்கு மறைக்க முடியாதே.

லட்டுவை வளர்ப்பவர் சொன்னதில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. பெங்களூரில் நாய் வளர்க்கிற பலருக்கும் அது இருக்கிறது. ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் அமெரிக்காவின் பார் ஹார்பரில் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி பார்ப்பவை அதன் வாழ்நாள் முழுக்கத் தங்கும் என்றது. 1980களில் இயன் டன்பார் குட்டிகளைக் கயிறில்லாமல் விட்டுப் பழக்கும் வகுப்புகளைத் தொடங்கினார். தடுப்பூசி எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல், முதல் ஊசி போட்டு ஒரு வாரத்திலேயே குட்டியை வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் சங்கம் 2008இல் சொன்னது. எல்லாம் நல்ல விஷயங்கள். ஆனால் இங்கே அது "கண்ணில் படுகிற எல்லா நாயிடமும் போய் ஹலோ சொல்ல வேண்டும்" என்று ஆகிவிட்டது. அப்படி வளர்ந்த குட்டிக்கு ஒவ்வொரு நாயும் ஒரு விருந்து. எட்டு மாதத்தில் உடம்பு முப்பது கிலோவுக்கு வருகிறது, கயிறு தடுக்கிறது, விருந்து கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் கத்துகிறது. பார்ப்பவர்களுக்கு அது மூர்க்கம். மாஸ்டருக்கு அது ஏமாற்றம். நிஜமான பயத்தில் குரைக்கிற நாயும் ஏறக்குறைய இதேபோல்தான் தோன்றும். பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

வயதும் ஒரு காரணம். வழிகாட்டி நாய்களாக வளர்க்கப்பட்ட குட்டிகளைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். எட்டு மாத வயதில் அவை வளர்ப்பவரின் சொல்லை ஐந்து மாதத்தில் கேட்ட அளவுகூடக் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர் சொன்னால் கேட்டன. வயது ஏறினால் சரியாகிவிடும். இந்தச் செய்தியை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். இந்த எட்டாம், ஒன்பதாம் மாதத்தில்தான் நிறைய நாய்கள் கைவிடப்படுகின்றன என்று மாஸ்டர் கவலையோடு சொன்னார்.

கரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மைதானத்தின் வாசலில் படுத்துக் கிடந்த தெருநாய் அது. மாநகராட்சி 2023இல் எடுத்த கணக்குப்படி பெங்களூரின் தெருநாய்கள் ஏறத்தாழ 2.79 லட்சம். இவ்வளவு நாய்கள் இவ்வளவு நெரிசலில் பெரும்பாலும் சண்டையில்லாமல் இருக்கின்றன என்றால், அவற்றிடம் ஒரு நாகரிகம் இருக்கிறது. கட்டவிழ்ந்த நாய் அறிமுகமில்லாத நாயை நோக்கி நேர்கோட்டில் போவதில்லை. வில்போல வளைந்து போகும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், உதட்டை நக்கும், தரையை முகர்வதுபோல நிற்கும். நார்வேயின் தூரிட் ரூகாஸ் இவற்றை அமைதிச் சைகைகள் என்று தொகுத்துப் புத்தகமாக்கினார். நம் நடைபாதையிலோ இரண்டு வீட்டு நாய்கள் நேருக்கு நேர் வருகின்றன. கயிறு இறுகி மார்பு நிமிர்கிறது. அவை சொல்ல விரும்பாத ஒரு சவாலை அந்த நிமிர்வு சொல்லிவிடுகிறது. அதனால்தான் மைதானமெங்கும் மாஸ்டரின் ஒரே குரல்: "கயிறு தொங்கணும், கயிறு தொங்கணும்." கொக்கிக்குக் கீழே கயிறு தளர்ந்து தொய்ந்திருந்தால்தான் நாய்க்கு முகத்தைத் திருப்பக்கூட இடம் கிடைக்கும்.

கழுத்தை நெரிக்கும் சங்கிலி போட்டு, குரைத்தால் சுண்டி இழுக்கும் பள்ளிகள் இந்த ஊரில் இன்னும் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிப் பயிற்சியாளர் ஆகலாம் என்ற நிலையில் அது ஆச்சரியமில்லை. அந்த முறையை நான் முழுமையாக எதிர்க்கிறேன். இன்னொரு நாய் தெரியும்போதெல்லாம் கழுத்து வலித்தால், அந்த நாயைத்தான் வலிக்குக் காரணமாகச் சங்கிலியில் இருக்கும் நாய் எடுத்துக்கொள்ளும். உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. முன்னெச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். அப்புறம் அதற்கு வீட்டில் இடம் இருக்காது.

உதவியாட்கள் மூன்று பேர். கரியாவை நடத்தியவன் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன், மாஸ்டர் வாயைத் திறக்கும் முன் திரும்பிவிடுகிறான். மற்றொருவர் அல்சூரைச் சேர்ந்த அக்கா. விடியற்காலையில் இந்திராநகர் அடுக்ககங்களில் நாய்களை நடக்கக் கூட்டிப்போவதுதான் அவருக்கு முக்கிய வருமானம். ஒரு நாய்க்கு மாதம் இவ்வளவு என்று கணக்கு. "லிஃப்டுதான் எனக்குப் பயம் சார்," என்றார். கதவு திறந்ததும் எதிரே நாய், நடுவில் தூரமே இல்லை. அதற்காக அவர் ஒரு அட்டவணையே மனதில் வைத்திருக்கிறார். மூன்றாம் மாடிப் பீகிள் ஐந்தரை மணி, ஆறாம் மாடி ஜெர்மன் ஷெப்பர்ட் அதற்குப் பதினைந்து நிமிடம் கழித்து, அதுவும் பேஸ்மென்ட் வழியாக. கதவு திறக்கும்போது நாயைத் தன் காலுக்குப் பின்னால் மூலையில் உட்கார வைத்து, மூக்கெதிரே கையை மூடிப் பிடிக்கிறார். இவ்வளவு தெரிந்தவரை வீட்டுக்காரர்கள் நாய் மேய்க்கிறவராக மட்டும் பார்க்கிறார்கள். லீவு கேட்டால் அந்த நாளின் காசைப் பிடிக்கிறார்கள். நாயின் நடத்தை பற்றி அவரிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லையாம். எனக்கு அதைக் கேட்க வருத்தமாக இருந்தது.

வகுப்பின் கடைசிப் பகுதியில், ஏற்கெனவே தேறிய இரண்டு நாய்கள் மட்டும் சந்தித்தன. முதலில் இரண்டையும் ஒரே திசையில், இருபது அடி இடைவெளியில் இணையாக நடத்தினார்கள். இடைவெளி மெல்லக் குறைந்தது. பிறகு வளைந்து வந்து பின்புறம் முகர்ந்தன. "ஒண்ணு, ரெண்டு, மூணு, வாங்க!" மூன்று நொடியில் பிரித்துக் கூப்பிட்டார்கள். இரண்டும் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டன. அந்த உதறலைக் கண்டு மாஸ்டர் சிரித்தார். இறுக்கம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

லட்டுவையும் அப்படிச் சேர்த்துவிட முடியுமா என்று அந்தப் பெண் கேட்டார். மாஸ்டர் மறுத்துவிட்டார். இன்னும் சில வாரம் கரியாவோடு மட்டும்தான் என்றார். கப்பன் பூங்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாமா என்றதற்கும் இப்போது வேண்டாம் என்றார். "வேலை நாள்ல, ஆள் இல்லாத நேரமாப் போங்க. இன்னொரு நாய் வந்தா ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போயிடுங்கம்மா, அதுல ஒண்ணும் தப்பில்லை. தெருநாய் பின்னால வந்தா ஓடாதீங்க, புல்லுல நாலு துண்டு ஈரலைப் போட்டு லட்டுவோட தலையைக் கீழே இறக்குங்க. அப்புறம் ஒண்ணு, அடுத்த வாரம் வந்ததும் கார் கதவைத் திறக்காதீங்க. இன்னைக்குக் கதவு திறந்ததும் குதிச்சு பக்கத்து வண்டி நாயைப் பார்த்து எகிறுச்சு இல்லையா, அது அடங்கறதுக்கே அரை மணி நேரம் போச்சு. கேட்டுக்கு வெளியவே நிறுத்திட்டு எனக்குப் போன் பண்ணுங்க. பையன் வந்து வழியைப் பார்த்துட்டு சொல்வான், அப்புறம் இறக்கலாம்."