அலையில்லாத சமுத்திரம்

தொப்பூர்க் கணவாயின் ஓரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சமுத்திரம் என்பது பூகோளப் படத்தில் நீல மையினால் அச்சிட்ட ஓர் இடம். எங்களுக்குத் தெரிந்த பெருந்தண்ணீர் மேட்டூர் அணை ஒன்றுதான். மற்றபடி கரடுகளும், முட்செடிகளும், தர்மபுரியிலிருந்து சேலத்துப் பக்கம் இறங்கும் லாரிகளின் பிரேக் தீய்ந்த நாற்றமுமே எங்கள் சொத்து. இப்படிப்பட்ட ஊர்க் குழந்தைகளிடம் போய், "தீவுக்குப் போகலாம், கடற்கரை பார்க்கலாம்" என்று சொன்னால் அவர்கள் உள்ளம் என்ன பாடுபடும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

போதாததற்குத் தூபம் போட்டது ஒரு பிரயாணக் கம்பெனியின் வர்ணத் துண்டுப் பிரசுரம். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். ராமேசுவரத்தைப் பற்றிய அந்தப் பிரசுரத்தில் கோயில் கோபுரம் தபால் தலை அளவில் ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. மற்ற இடம் முழுவதும் பச்சைப் பளிங்கு போன்ற நீர். மாவு சலித்துக் கொட்டினாற்போல் வெண்மணல். நீர்மேல் சாய்ந்து வளர்ந்த ஒற்றைத் தென்னை. அதில் ஓர் ஊஞ்சல். அந்தத் தென்னை எந்தத் தேசத்தில் முளைத்ததோ, ஈசுவரனுக்கே வெளிச்சம். ராமேசுவரத்தில் நான் தேடிய வரையில் அது அகப்படவில்லை.

நானூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் குலுங்கி, விடியும் வேளையில் பாம்பனைக் கடந்தோம். அங்கே ஏமாற்றத்துக்கு இடமில்லை. 1988-ல் திறந்த சாலைப் பாலத்தின்மேல் நின்று பார்த்தால், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய ரயில் பாலம் தெரிகிறது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது. அதற்கு முன்னால் இந்தத் தீவையும் கரையையும் இணைத்து வைத்திருந்தது 1914-ல் திறந்த பழைய பாலம். அந்தப் பாலம்கூட இல்லாத காலத்தில், 1897 ஜனவரி 26-ஆம் தேதியன்று, மேனாடு சென்று திரும்பிய விவேகானந்த சுவாமிகள் பாம்பனில்தான் பாரத மண்ணை மிதித்தார். இதையெல்லாம் பையன்களுக்கு எடுத்துச் சொன்னேன். அவர்கள் காதில் ஏறவில்லை. அவர்களுக்கு வேண்டியது அலை.

பிறகு அக்கினி தீர்த்தம். பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிய பிள்ளைகள் கரையில் போய்த் திகைத்து நின்றுவிட்டார்கள். கணுக்கால் நீரில் சிற்றலை ஒன்று வந்து நாணிக் கோணித் திரும்பிற்று. அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னை ஏறிட்டுப் பார்த்து, "மேட்டூர் டேம்லேகூட இதைவிட அலை அடிக்குமே, சார்!" என்றான். அவன் குரலில் இருந்த துக்கத்தை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சக்தியில்லை.

அவன் சொன்னது உண்மையே. அதற்குக் காரணமும் உண்டு. ராமேசுவரத்துக்கு வடக்கே இருப்பது பாக் விரிகுடா. கிழக்கே யாழ்ப்பாணமும், தெற்கே இந்தத் தீவும் ராமர் அணையின் மணல் திட்டுகளும் அதற்கு மதில்போல் நிற்கின்றன. ஆழமும் சொற்பம். பெருங்கடலின் அலைகள் உள்ளே நுழைய வழியே இல்லை. தீவின் தெற்கே உள்ள மன்னார் வளைகுடா அப்படியன்று. அது இந்து மகா சமுத்திரத்துக்குத் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று வீசும்போது சீறிப் பாய்கிறது. செம்படவர்கள் வெகு அழகாக முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் சொல்கிறார்கள். (எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளில் சிலர் இதை ஆட்சேபித்தார்கள். ஆட்சேபம் நியாயமானதே.)

அலை இல்லாததைக் காட்டிலும் பெரிய ஏமாற்றம் கரையின் அசுத்தம். கரை நெடுகப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று குவிந்து அழுகிக் கிடந்தது. அதனோடு பின்னிக்கொண்டு வேட்டிகள், புடவைகள், ரவிக்கைகள், பிளாஸ்டிக் பைகள். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பட்டணத்துக் குடும்பத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மாலத் தீவைப் பார்த்தவர்கள் இதைத் தீவு என்று சொல்வார்களா?" என்று அலுத்துக்கொண்டார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்தக் குவியலில் இருந்தவை இரண்டு வகை. பழுப்பு நிறத்தில் கிடந்தது குப்பையன்று, கடற்புல். அலையில்லாத, ஆழமில்லாத, வெயில் அடிவரை எட்டுகிற நீரில்தான் அது புல்வெளியாகப் படரும். ஆவுளியா என்று இந்தக் கரையில் வழங்கும் கடற்பசு அதைத்தான் மேய்கிறது. அந்தப் பிராணியைக் காப்பதற்காகவே பாக் விரிகுடாவின் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ல் தமிழ்நாட்டு அரசாங்கம் ஒதுக்கியது. ஒதுங்கிய புல்லும் சும்மா கிடக்கவில்லை. கரை மணல் அரித்துப் போகாமல் பிடித்து வைக்கிறது. பிரசுரத்துப் படத்தைப்போல் இருக்கவேண்டும் என்று அதை வழித்துத் துடைத்தால் கரைக்கே கேடு.

ஆனால் துணிகள்? உடுத்த துணியைக் கடலில் விட்டால் பாவம் தொலையும் என்ற நம்பிக்கையால் வந்த வினை அது. தொலைத்த பாவம் செம்படவனின் வலையில் போய்ச் சிக்குகிறது. காசிக்கு இணையென்று நாம் கொண்டாடும் தீர்த்தத்தை நாமே சலவைத் துறையாக்கிவிட்டு, அந்நியன் கரை சுத்தமாயிருக்கிறது என்று பெருமூச்சு விடுவது என்ன நியாயம்?

மாலத் தீவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே முதல் உல்லாச விடுதி திறந்தது 1972-ல். ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அங்கே பரவிய ஏற்பாடு. அத்தீவுகளில் விருந்தாளிகளும் சிப்பந்திகளும் இருப்பார்கள்; குடிமக்களின் வீடுகள் வேறு தீவுகளில். வலை உலர்த்துகிறவன் இல்லை, கருவாடு காயவில்லை, பிண்டம் போடுகிறவர் இல்லை. அப்படிப்பட்ட கரையைப் படத்தில் இருக்கிறபடியே வைத்திருப்பது சிரமமன்று. ராமேசுவரத்திலோ ஜனங்கள் வாழ்கிறார்கள்.

பவளப் பாறைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் பிரசுரம் மூட்டியதுதான். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவாயின. நினைத்தபோது போய் மிதிக்க முடியாது. பிள்ளைகள் முகம் வாடிற்று, எனக்கு வருத்தமில்லை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வெட்டி எடுத்ததில் அந்தத் தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. 2016-ல் கடல் சூடேறி, மிஞ்சிய பவளத்திலும் ஒரு பகுதி வெளுத்து மடிந்தது.

மாலையில் தனுஷ்கோடிக்குப் போனோம். 2017-ல் திறந்த தார்ச்சாலை அரிச்சல்முனை வரை போகிறது. கடைசியில், பிள்ளைகள் கேட்ட அலை தெற்குப் பக்கத்தில் கிடைத்தது. கூச்சலிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆனால் வழியில் அந்தச் சிதைந்த மாதா கோயிலையும், ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்த்த பிற்பாடு எனக்கு அந்த உற்சாகம் ஒட்டவில்லை. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பலேறித் தலைமன்னார் போவார்கள் ஒரு காலத்தில். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளோடு தனுஷ்கோடியை நெருங்கும் சமயத்தில் அலைக்கு இரையாயிற்று. ஒருவரும் மீளவில்லை. காலையில் அலை இல்லையே என்று குறைப்பட்ட பிள்ளைகளுக்கு, அலை என்ன செய்யும் என்பதை அந்தச் சுவரோரத்தில் நிறுத்திச் சொன்னேன். சுற்றிலும் சங்கு மாலைக் கடைகளும், மீன் வறுவல் மணமும், சுவர்மேல் ஏறி நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறவர்களின் சிரிப்பும். கடை வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு அது சோறு. ஏறி நின்றவர்களுக்கு என்ன அவசியம்? இழவு வீட்டு வாசலில் ஊஞ்சல் கட்டி ஆடலாமா?

வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் சொல்லிவிட்ட அந்த மணலில் இன்றும் செம்படவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் இருக்கின்றன. ஒரு குடிசையின் பின்னால் அம்மாள் ஒருத்தி மணலில் முழங்காலளவு குழி தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் உப்புக் கடல். நடுவே குடிதண்ணீர்! மணலில் இறங்கிய மழைநீர் கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பாகிவிடும், மேலோடு மொண்டால் இனிக்கும். நூறு அடி, இருநூறு அடி என்று போர் போட்டும், பல்லில் கறை ஏற்றும் ஃபுளோரைடு கலந்த நீரையே கண்டு, 2013-ல் ஒகேனக்கல் திட்டம் வந்த பிறகு காவிரித் தண்ணீருக்காகக் குழாயைப் பார்த்துக் காத்திருக்கும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள், கடலை மறந்து அந்தக் குழியைச் சுற்றி நின்றுவிட்டார்கள்.

"ஏங்க்கா, இதுலே ஃபுளோரைடு இருக்குதுங்களா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தாயி. குடிச்சுப் பாரு" என்று சொல்லி, அந்த அம்மாள் சிரட்டையை நீட்டினாள்.

அவள் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு சிரட்டை கேட்டாள்.